மூக்கில்லாத அடுப்படி

காலையில் நான் அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால், என் அடுப்படியை மோந்து பார்க்க ஒருவர் வருவார். எதிர்வீட்டு காக் ரோஸ். மலாய்க்காரர், 'காக்' என்றால் அக்கா. பாத்திக் கைலியும் தொளதொளத்த சட்டையுமாக, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து கம்பிக்கதவைத் தட்டுவார். திறந்ததும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு நேராக அடுப்படிக்குப் போவார். கேஸ் அடுப்பு பதித்திருக்கும் கல்மேடையருகே ஒரு முறை, பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் நிற்கும் சிலிண்டரருகே குனிந்து ஒரு முறை, மூச்சை ஆழமாக இழுத்துப் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, "தாக் அடா" என்பார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதைக் கேட்ட பிறகுதான் நான் சிலிண்டரைத் திறந்து பால் வைப்பேன். இப்படி ஒரு வருடத்துக்கும் மேல் நடந்தது.

இந்தியாவில் இருக்கும் உறவுக்காரர்களிடம் இதைச் சொன்னபோது சிரித்தார்கள். மலேசியாவுக்குப் போய் மூக்குக்கு ஆள் வைத்திருக்கிறாயா என்று என் அண்ணி கேட்டாள். கேலிதான், ஆனால் உள்ள விஷயமும் அதுதான். தொற்றுக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து போனது. காய்ச்சல் போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. எல்லாருக்கும் ஒரு வாரத்தில், இரண்டு வாரத்தில் திரும்பி வந்த வாசனை எனக்கு வரவில்லை. டாக்டர், பொறுத்திருங்கள் என்றார். மல்லிகைப்பூவை மூக்கில் வைத்து அழுத்தினால் குளிர்ச்சி தெரியும், மணம் தெரியாது. சாம்பார் கொதிக்கும் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். உங்களில் சிலருக்கு இது வந்து போயிருக்கும். வராதவர்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வீட்டில் ஓர் ஆள் குறைந்தது மாதிரி இருக்கும்.

எனக்கு இது கூடுதலாக வலித்ததற்குக் காரணம் நான் பிறந்த ஊர். கோவில்பட்டிக்காரர்களுக்கு ஊர் என்பதே மூக்கில்தான் இருக்கிறது. பஸ் ஊருக்குள் நுழைந்ததும் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சும் வாசனை ஜன்னல் வழியாக வரும்; தூங்கிக்கொண்டிருப்பவர்கள் அதில் விழித்துக்கொண்டு பையைத் தேடுவார்கள். மழை பெய்தால் கரிசல் மண் ஒரு மாதிரி மணக்கும். எங்கள் தெருவிலோ தீப்பெட்டி ஆபீஸ் வாசனை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். என் அப்பா அப்படியொரு ஆபீஸில் மேற்பார்வையாளராக இருந்தார். குச்சியில் தோய்க்கும் மருந்தின் வாசனை அவர் சட்டையில் எப்போதும் இருக்கும். சாயங்காலம் அப்பா சைக்கிளை நிறுத்தும் சத்தத்துக்கு முன்பே அந்த வாசனை உள்ளே வந்துவிடும் என்று நாங்கள் நம்பினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அது இல்லாமல் அப்பா வேறு யாரோ போல இருப்பார்.

தீயோடு வேலை பார்ப்பவர் வீட்டில் தீக்கு ஒரு மரியாதை இருந்தது. அம்மா வெகுகாலம் மண்ணெண்ணெய் ஸ்டவ்விலும், ஆபீஸில் கழித்துப் போடும் குச்சிகளை வாங்கி எரிக்கும் அடுப்பிலும்தான் சமைத்தாள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது கேஸ் வந்தது. எழுதி வைத்துக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் ஒரு நாள் சிவப்புச் சிலிண்டர் தள்ளுவண்டியில் வந்து இறங்கியது. அம்மா அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் நீலத் தீயைப் பார்க்க வந்து நின்றார்கள். அப்பா மட்டும் சந்தோஷமாக இல்லை. சிலிண்டருக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, டியூப் பொருத்திய இடத்தில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தக் கேஸுக்குன்னு சொந்தமா வாசனை கிடையாது. கசிஞ்சா நமக்குத் தெரியணும்னு வேணும்னே நாத்தத்தைக் கலந்து அனுப்புறான்" என்று அம்மாவிடம் சொன்னார். "மோந்து பாக்காம குச்சியை உரசாத." அம்மா அதற்கு, நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியணுமாக்கும் என்றாள். ஆனாலும் அன்றிலிருந்து அடுப்படியில் நுழைந்ததும் மூக்கை ஒரு சுழிப்புச் சுழித்துவிட்டுத்தான் தீப்பெட்டியை எடுப்பாள். அந்தச் சுழிப்பு எனக்கும் ஒட்டிக்கொண்டது. கல்யாணமாகி, கணவரின் வேலைக்காகக் கோலாலம்பூர் வந்து, பிரிக்ஃபீல்ட்ஸில் லிஃப்ட் இல்லாத பழைய பிளாட்டின் நாலாவது மாடிக்குக் குடிவந்த பிறகும் அது போகவில்லை.

இங்கே கேஸுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. சந்தனம் குங்குமம் வைக்கும் அளவுக்கு அது பெரிய விருந்தாளியும் இல்லை. போனில் ஒரு செய்தி அனுப்பினால் மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் சிலிண்டர்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆள் வந்துவிடுவார். சிலிண்டரை இங்கே 'தோங்' என்பார்கள். எங்களுக்குக் கொண்டுவருபவர் முனியாண்டி அண்ணன். இங்கே கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். தோங்கைத் தோளில் வைத்து நாலு மாடியும் ஏறி வந்து, இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டே பேச ஆரம்பித்துவிடுவார். முதன்முதல் வந்தபோது என் பேச்சைக் கேட்டதும், "அக்கா ஊர்லேருந்து வந்தவங்களா? அங்க எந்தக் கம்பம்?" என்று கேட்டார். "கம்பம் இல்லண்ணே, கோவில்பட்டி. கம்பம் தேனிப் பக்கம்ல இருக்கு" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, "ஓ, தேனிக் கம்பமா. நல்ல கம்பம்லா" என்றார். மலாயில் கம்பம் என்றால் கிராமம் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இன்றுவரை நான் தேனிக்காரி என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். மூக்கு போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கணவர் வேலைக்குப் போய்விட்டார். பெரும்பாலான வேலையை முடித்துவிட்டு நான் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அப்போது கம்பிக்கதவு தட்டப்பட்டது. காக் ரோஸ் நின்றார். அதுவரை எங்களுக்குள் பெரிய பழக்கமில்லை. மாடிப்படியில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம். கணவர் இறந்துபோனவர், பிறந்த ஊர் பந்திங், மகன் ரவாங்கில் இருக்கிறான் என்ற அளவுக்குத் தெரியும். என் மலாய் அப்போது கடையில் காய்கறி வாங்கும் மலாய்.

"ஷாந்தி, அடா பாவ்" என்றார்.

அடா என்றால் இருக்கிறது. பாவ் என்றால், நான் அறிந்த வரையில், சீனக் கடைகளில் ஆவியில் வேகவைத்து விற்கும் வெள்ளை பன். உள்ளே கறியோ இனிப்போ வைத்திருக்கும். சரி, வீட்டில் பாவ் செய்திருக்கிறார், எனக்குக் கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கையில் தட்டு ஒன்றையும் காணவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிறாராக்கும்.

"தேரிமா காசி, காக்" என்று நன்றி சொன்னேன். "தாக் மாவ்." வேண்டாம் என்று பொருள்.

காக் ரோஸ் என்னை வினோதமாகப் பார்த்தார். "பாவ் குவாட்" என்றார். குவாட் என்றால் பலமான, அழுத்தமான. பலமான பாவா? பெரிய பன் போலிருக்கிறது. இவ்வளவு தூரம் அழைப்பவரை வாசலிலேயே நிறுத்தி வைப்பது மரியாதையில்லை என்று பட்டது. உள்ளே வாருங்கள், தேநீர் போடுகிறேன் என்று ஆங்கிலமும் மலாயுமாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்கு நடந்தேன். கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தேன். பழக்கதோஷத்தில் மூக்கைச் சுழித்தேன். ஒன்றும் தெரியவில்லை. எனக்குத்தான் எதுவுமே தெரியாதே. குமிழைப் பிடித்தேன். திருகினால் தானாகவே பொறி தட்டிப் பற்றிக்கொள்ளும் அடுப்பு அது; குச்சியை எடுக்க, உரச என்று யோசிப்பதற்கு நடுவில் அவகாசமே தராத அடுப்பு.

பின்னாலிருந்து ஒரு கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. "ஜாங்கான்" என்றார் காக் ரோஸ். வேண்டாம். கத்தவில்லை. தாழ்ந்த குரலில், குழந்தையிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். அவர் முகத்தைப் பார்த்ததும் குமிழிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "கேஸ், ஷாந்தி. கேஸ்."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அவர் செய்ததுதான். சிலிண்டர் அப்போது கல்மேடைக்குக் கீழே கபோர்டுக்குள் இருந்தது. குனிந்து அதன் ரெகுலேட்டரை மூடினார். ஜன்னலை முழுக்கத் திறந்தார். காற்று வரட்டும் என்று நான் மின்விசிறி சுவிட்ச் பக்கம் போனபோது மறுபடியும் கையைப் பிடித்தார். சுவிட்சில் ஒரு பொறி போதும் என்று சைகையால் காட்டினார். அது எனக்கும் தெரியும், அப்பாவின் மகளுக்குத் தெரியாதா? ஆனால் பயத்தில் கை தானாகப் போகிறது. மேஜையில் இருந்த போனைக்கூட எடுக்கவிடாமல் என்னை வெளியே தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கட்டில் உட்காரவைத்தார். பக்கத்து வீட்டுக்காரரையும் வெளியே வரச் சொன்னார். கீழ்த்தளத்துக்குப் போய் அவர் போனிலிருந்து முனியாண்டி அண்ணனைக் கூப்பிட்டோம். காற்றாடட்டும் என்று வெகுநேரம் யாரும் உள்ளே போகவில்லை. நான் படியில் உட்கார்ந்து, இவ்வளவு பெரிய நாற்றம் வீடு முழுக்க நிறைந்திருக்க அதன் நடுவில் உட்கார்ந்து நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருந்திருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன். அழுகை வந்தது. காக் ரோஸ் என் முதுகைத் தடவிக்கொண்டு, தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, "பாவ். ஸ்மெல்" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பன்னுக்குப் 'பல்'லில் வரும் 'ப', வாசனைக்கு 'பஸ்'ஸில் வரும் 'ப'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே பாவ்தான். அழுகைக்கு நடுவில் அவரிடம் கைகளால் ஒரு பன்னின் உருவம் செய்து காட்டினேன். அவர் சில நொடி யோசித்துவிட்டு, படிக்கட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

முனியாண்டி அண்ணன் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பழுப்பேறிய ரப்பர் குழாயை வளைத்துக் காட்டினார். "ஹோஸ் கல்லு மாதிரி ஆயிடுச்சு அக்கா. கிளிப்பும் லூஸு. இத டைட் பண்ணா பத்தாதுலா, புதுசு போட்டுடுவோம்." போட்டார். சோப்பு நுரை தடவிப் பார்த்தார். அதைப் பார்த்ததும் எங்கள் வீட்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்த அப்பாவின் முதுகு கண்முன் வந்தது. சிலிண்டரைக் கபோர்டுக்குள் வைத்துப் பூட்டினால் கசிவது அங்கேயே தங்கிவிடும், கேஸ் காற்றைவிடக் கனமானது, கீழேதான் தேங்கும் என்று கணவர் படித்துவிட்டு வந்து சொன்னார். தோங் வெளியே துணி காயும் இடத்துக்குப் போனது. நீளமான புதுக் குழாய் சுவரைத் துளைத்து அடுப்புக்கு வந்தது. தரைக்கு ஒரு சாண் உயரத்தில் கேஸ் கசிந்தால் கத்தும் கருவி ஒன்றைப் பொருத்தினோம்.

கணவருக்கு அதுவும் போதவில்லை. பயந்துபோயிருந்தார். மறுநாள் மின்சாரத்தில் ஓடும் இன்டக்‌ஷன் அடுப்பு ஒன்றை வாங்கிவந்து வைத்துவிட்டு, "இனிமே இதுலயே சமையல். கேஸே வேணாம்" என்றார்.

"அப்பளம் எதுல சுடுறது?"

"அப்பளம் சாப்பிடலைன்னா உயிரா போயிடும்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நானும் முயன்றேன். அம்மா கொடுத்தனுப்பிய அலுமினிய இட்லிச் சட்டியை அந்தக் கண்ணாடிமேல் வைத்தால் அது சூடேறவே மறுத்தது. கத்தரிக்காயைச் சுட்டுத் துவையல் அரைக்க முடியவில்லை. அதெல்லாம்கூடப் போகட்டும். மூக்கு போன பிறகு சமையலில் எனக்கு மிச்சமிருந்தது கண்ணும் காதும்தான். தீ எரிவதைப் பார்த்து, இவ்வளவு தீயில் இவ்வளவு நேரம் என்று ஒரு கணக்கில்தான் சமைத்துக்கொண்டிருந்தேன். அந்தத் தீயும் கண்ணுக்குத் தெரியாமல் போனபோது நான் எதையோ பொத்தானை அழுத்திச் சூடுபண்ணிக்கொண்டிருந்தேனே தவிர, சமைக்கவில்லை. ஒரு மாதம் போல இருந்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன். வாக்குவாதமானது. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். கருவியை மட்டும் நம்ப மாட்டேன், மூக்குள்ள மனுஷர் யாராவது பார்த்துச் சொன்ன பிறகுதான் காலையில் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அவர் விடிவதற்குள் ரயில் பிடிக்கக் கிளம்பிவிடுகிறவர். அப்படித்தான் காக் ரோஸ் என் அடுப்படிக்கு வர ஆரம்பித்தார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, இதில் என்ன இருக்கிறது, எதிர்வீட்டிலிருந்து நாலு அடிதானே என்றார்.

மோந்து பார்த்துவிட்டுப் போவதோடு அது நிற்கவில்லை. தேநீர் குடிக்க உட்கார்ந்தார். உட்கார்ந்தவர், ஜன்னல் வழியாக வருவதையெல்லாம் எனக்குச் சொல்ல ஆரம்பித்தார். கீழே பூமாலைக் கடையில் மல்லிகை வந்து இறங்கியிருக்கிறது. யாரோ நாசி லெமாக்குக்குத் தேங்காய்ப்பால் சோறு ஆக்குகிறார்கள். மழை வரப்போகிறது, தார் மணக்கிறது. என் மலாய் வளர்ந்தது இப்படித்தான். எனக்கு முதலில் தெரிந்த மலாய்ச் சொற்களெல்லாம் மணங்களின் பெயர்கள். ஒரு நாள், உன் ஊர் எப்படி மணக்கும் என்று அவர் கேட்டார். வெல்லப்பாகு என்று சொல்ல முடிந்தது. அப்பாவின் சட்டையைச் சொல்ல முடியவில்லை. தீக்குச்சி ஒன்றை உரசி அணைத்து, புகையை அவர் பக்கம் ஊதினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அதை நிதானமாக மோந்தார். "இது உன் அப்பாவா?" என்றார். ஆமாம் என்றேன். எனக்கு வெறும் புகைதான் தெரிந்தது.

மூக்கு திரும்பிய நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முனியாண்டி அண்ணன் பழைய தோங்கைக் கழற்றிப் புதியதில் ரெகுலேட்டரைப் பொருத்திக்கொண்டிருந்தார். பொருத்தும்போது புஸ்ஸென்று ஒரு துளி வெளியே வருமே, அது வந்தது. அழுகிய முட்டைக்கோஸும் பூண்டும் கலந்ததுபோல ஒரு நாற்றம், எங்கோ வெகுதூரத்திலிருந்து வருவதுபோல மூக்கின் நுனியில் வந்து நின்றது. நான் அசையாமல் நின்றேன். "அண்ணே, இன்னொரு வாட்டி மாட்டுங்க" என்றேன். "சரியாத்தான் மாட்டிருக்கு அக்கா" என்றார். "தெரியும். இன்னொரு வாட்டி." என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கழற்றி மாட்டினார். மறுபடியும் வந்தது. நான் ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, "காக், அடா பாவ்" என்றேன். பதறி ஓடிவந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் புரிந்துகொண்டார். முனியாண்டி அண்ணனுக்குத்தான் கடைசிவரை ஒன்றும் விளங்கவில்லை. நாற்றத்துக்கு இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பதை அவர் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார்.

எல்லாம் ஒரேயடியாகத் திரும்பவில்லை. காப்பி இன்றும் கருகிய ரப்பர் மாதிரிதான் இருக்கிறது. ஆனாலும் நாலு வாசனை வந்ததும் எனக்கு ஊருக்குப் போகும் ஆசை தாங்க முடியவில்லை. அப்பா இறந்த பிறகு அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அண்ணன் குடும்பம் சென்னையில். எத்தனை கூப்பிட்டாலும் வர மாட்டாள். மூக்கு இல்லாத மாதங்களில் நான் ராத்திரி கண்ணை மூடினால் அந்த அடுப்படிதான் வரும். வரமிளகாய் வறுபடுகிற கமறல், தயிர்ப்பானை, பெருங்காய டப்பா, அம்மாவின் கையிலிருக்கும் மஞ்சள். அதில் பாதியாவது கிடைத்தால் போதும் என்றுதான் கிளம்பினேன். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து வரும் வழியில் பாகு வாசனை லேசாக வந்ததுபோல இருந்தது. மனசு நிறைந்துபோனது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "எம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே நேராக அடுப்படிக்குள் போனேன்.

நான் பிறந்து வளர்ந்த வீட்டில், இவ்வளவு நாள் கழித்து என் மூக்கு முதலில் அறிந்தது கேஸ் நாற்றத்தை.

அம்மா அடுப்புக்கு முன்னால் லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்குக் காப்பி போடப் போகிறாள். "வா தாயி, மெலிஞ்சு போயிட்டயே" என்றாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். லைட்டரை வாங்கி வெளியே வைத்தேன். சிலிண்டரை மூடினேன், பின்கதவைத் திறந்தேன், அவளை முற்றத்துக்குக் கூட்டிவந்தேன்.

"என்ன, வந்ததும் வராததுமா இழுத்துட்டு வாரே?"

"கேஸ் கசியுதும்மா. நாத்தம் குடலைப் புடுங்குது. தெரியலையா உனக்கு?"

"எங்க? அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று மூக்கைச் சுழித்தாள். அதே சுழிப்பு. "எனக்குத் தெரியாத நாத்தம் ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்."

மெக்கானிக் வந்து டியூபை மாற்றிவிட்டுப் போனார். ஆரஞ்சு நிற டியூப் அடியில் வெடித்துப் போயிருந்தது. மறுநாள் மத்தியானம் அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லிப் பெருங்காயத்தை மூக்கருகே கொண்டுபோனேன். அவள் மூச்சை இழுத்துப் பார்த்தாள். பிறகு, டப்பாவைத் திறந்த சத்தத்தை வைத்து, "மிளகாப் பொடிதானே" என்றாள். பூண்டை நசுக்கிக் காட்டினேன். கொஞ்சம் தயங்கிவிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டாள். 

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"யாரு கண்டா. காது கேக்கலைன்னா, என்ன மந்தமாயிட்டேனு நாலு பேரு சொல்லுவாக. கண்ணு தெரியலைன்னா தட்டுத் தடுமாறுவோம். மூக்கு போனா எப்பிடித் தாயி தெரியும்? ஊரே மணக்கிறத நிப்பாட்டிருச்சுன்னுதான நெனப்போம்." பிறகு, "ஒங்கப்பா போனதுக்கப்புறம் வீட்ல ஒண்ணும் மணக்கலை. நான் அதனாலதான்னு இருந்துட்டேன்" என்றாள்.

வயதானால் இப்படி மெல்ல மெல்லப் போகும் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். நான் எந்த அடுப்படியை நினைத்துக் கோலாலம்பூரில் ஏங்கினேனோ, அந்த அடுப்படியில் அம்மா எந்த மணமும் இல்லாமல் வெறும் கைப்பழக்கத்தில் சமைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வெளிநாட்டில் இருக்கும் நாமெல்லாம் பெற்றவர்களிடம் போனில் சர்க்கரை அளவு கேட்கிறோம், மாத்திரை போட்டாயா என்று கேட்கிறோம். மூக்கு இருக்கிறதா என்று கேட்க யாருக்குத் தோன்றும்? இதைப் படித்துவிட்டு உங்களில் ஒருவராவது இன்றைக்குக் கூப்பிட்டு, அடுப்பு டியூப் எப்போது மாற்றியது என்று கேட்டால் நல்லது.

அம்மா என்னோடு வர மாட்டேன் என்றாள். கத்தும் கருவியைப் பொருத்தினேன்; எலி கத்தினாலே எனக்குத் தூக்கம் போயிரும், இது வேறயா என்றாள், ஆனால் கழற்றவில்லை. பக்கத்து வீட்டுச் செல்வி, அவ்வப்போது வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். என் அடுப்படிய அவ எதுக்கு மோந்து பாக்கணும் என்று அம்மாவுக்கு வருத்தம். நாங்கள் இருவரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். காலையில் பால் காய்ச்சி முடித்ததும் வீடியோவில் கூப்பிட்டு, ரெகுலேட்டரை மூடுவதை எனக்குக் காட்ட வேண்டும். எதற்கென்று முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டாள்.

ஆக, நான் திரும்பி வந்ததிலிருந்து எனக்கு இரண்டு அடுப்படிகள். இங்கே வெயில் ஏறியிருக்கும். அங்கே அப்போதுதான் விடிந்து அம்மாவின் முதல் பால் காய்ந்திருக்கும். போனில் முதலில் அவள் வீட்டு விட்டம் தெரியும், பிறகு அவள் காது, பிறகு மெல்லத் தாழ்ந்து அடுப்பு. போன வாரம் ஒரு காலை, காக் ரோஸ் என் அடுப்படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மூக்கு திரும்பிய பிறகும் அவர் வருகை நிற்கவில்லை. அம்மா பாலை இறக்கி வைப்பது திரையில் தெரிந்தது. நான் என் அடுப்பை அணைத்தபடியே, "சுடா?" என்று கேட்டேன்.

சுடா என்றால் மலாயில், ஆயிற்றா, முடிந்ததா என்று பொருள். கடையில், பஸ்ஸில், எதிர்வீட்டில் என்று நாளெல்லாம் புழங்கும் சொல். அம்மாவிடம் எந்த மொழியில் கேட்கிறோம் என்று நான் கவனிக்கவில்லை.

"சுடாம என்ன தாயி, இப்பத்தான எறக்கி வச்சேன்" என்றாள் அம்மா. பாத்திரத்தின் விளிம்பை விரல்நுனியால் தொட்டு, கையை உதறியும் காட்டினாள்.

காக் ரோஸ் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அம்மா என்ன சொல்கிறார், சுடா என்று என்னைக் கேட்டார்.

"சுடுது" என்றேன் அவரிடம், தமிழில்.

அவர் அதையும் சுடா என்றே எடுத்துக்கொண்டு, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மறுபடி தேநீரை எடுத்துக்கொண்டார். திரையில் அம்மாவின் கை சிலிண்டரை நோக்கிக் கீழே போய்க்கொண்டிருந்தது. அது மூடும்வரை நான் போனை இறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.